சக்கரக் காலும் டிஸ்கோ தாளமும்: சிக்காகோவிலிருந்து ஊவா மலை வரை

ரோலர் ஸ்கேட்டிங்கையும் டிஸ்கோ இசையையும் சேர்த்துப் பின்னிய நகைச்சுவைப் படங்கள் அமெரிக்க சினிமாவில் ஒரு சிறிய வகை. அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து எடுக்கப்பட்டவற்றில் குறிப்பிடத்தக்கது 2005 செப்டெம்பரில் வெளியான 'ரோல் பௌன்ஸ்'. மால்கம் டி. லீ இயக்கிய இந்தப் படத்தின் கதை 1978ஆம் ஆண்டுக் கோடையில், சிக்காகோ நகரின் தென்பகுதியில் நடக்கிறது. கறுப்பினப் பையன்கள் சிலர் கூடி விளையாடும் பழைய ஸ்கேட்டிங் அரங்கு மூடப்படுகிறது. வேறு வழியின்றி நகரின் வடபகுதியிலுள்ள பகட்டான அரங்குக்கு அவர்கள் போகிறார்கள். அங்கே சக்கரக் காலில் நடனமாடும் ஒரு கூட்டம் ஏற்கெனவே இராச்சியம் நடத்திக்கொண்டிருக்கிறது. கிண்டல், சவால், கடைசியில் போட்டி என்று கதை ஓடுகிறது.

சிரிப்புக்கு அடியில் துயரமும் உண்டு. நாயகன் எக்ஸ் தாயை இழந்தவன். தகப்பன் பொறியியலாளர். வேலை போய்விட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைக்கிறார். வீட்டில் பேச முடியாததையெல்லாம் மகன் அரங்கின் தரையில் ஆடித் தீர்க்கிறான். ராப் பாடகர் பௌ வௌ மகனாகவும் சை மக்பிரைட் தகப்பனாகவும் நடித்திருக்கிறார்கள். வசூலில் பெரிய படமல்ல. ஆனாலும் தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேச மறுக்கும் காட்சிகள், போட்டிக் காட்சிகளைவிட நன்றாக வந்திருக்கின்றன. பழைய காலத்தை அகலக் காற்சட்டையாலும் பம்பை முடியாலும் மட்டும் காட்டாமல், அந்த ஆண்டுகளின் வேலையின்மையையும் சேர்த்துக் காட்டியதுதான் இந்தப் படத்தின் பலம்.

சக்கரச் சப்பாத்துக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவு இரண்டரை நூற்றாண்டுப் பழையது. பெல்ஜியத்தின் ஊய் நகரில் பிறந்த ஜோன் ஜோசப் மெர்லின் என்ற கருவி வினைஞர் 1760களில் இலண்டனில் ஒரு மாறுவேட விருந்துக்குச் சக்கரம் பூட்டிய சப்பாத்துடன் போனார். கையில் வயலின். வாசித்தபடியே வழுக்கிச் சென்றவருக்கு நிற்கவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. விலையுயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதினார். கண்ணாடியும் உடைந்தது, வயலினும் உடைந்தது, அவருக்கும் நல்ல காயம். ஆளைத் திரும்ப விடாத இந்தக் குறைக்குச் சரியான பதிலை 1863இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் கண்டுபிடித்தார். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு சக்கரம் வைத்து, அச்சுக்கும் அடித்தட்டுக்கும் இடையே இறப்பர் மெத்தை கொடுத்தார். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அச்சு தானே வளைந்து சப்பாத்து அந்தப் பக்கம் திரும்பும். 1884இல் லெவன்ட் ரிச்சர்ட்சன் சக்கரத்துக்குள் எஃகுக் குண்டுகள் கொண்ட பேரிங்கைப் பொருத்தினார். உராய்வு குறைந்தது. கொஞ்சம் உந்தினால் போதும், நெடுந்தூரம் ஓடும் என்றாயிற்று. நடனத்துக்கு வேண்டியதும் இவை இரண்டுமே: நினைத்த பக்கம் திரும்புவது, நிற்காமல் வழுக்குவது.

சினிமா இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சார்லி சாப்ளின் 1916இல் 'த ரிங்க்' என்ற குறும்படத்தில் அரங்கு முழுதும் ஆட்களைச் சாய்த்தபடி சுழன்றார். 1936இல் 'மொடர்ன் டைம்ஸ்' படத்தில் ஒரு பெரிய கடையின் மேல்மாடியில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியில்லாத விளிம்பு வரை போய்ப் போய்த் திரும்புகிறார். அந்தப் பள்ளம் உண்மையானதல்ல. கமராவுக்கு முன்னால் கண்ணாடியில் வரைந்து வைத்த ஓவியம். விஷயம் தெரிந்து பார்த்தாலும் அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது.

அமெரிக்க அரங்குகளின் கதை இவ்வளவு இலேசானதல்ல. நெடுங்காலம் வெள்ளையருக்கு ஒரு நாள், கறுப்பினத்தவருக்கு வேறொரு நாள் என்று பிரித்தே பல அரங்குகள் நடந்தன. சில அரங்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. 1963 ஓகஸ்டில் வொஷிங்டனில் நடந்த குடிசார் உரிமைப் பேரணிக்கு, லெட்ஜர் ஸ்மித் என்ற ஸ்கேட்டிங் கலைஞர் சிக்காகோவிலிருந்து ஏறத்தாழ 700 மைல் தூரத்தைச் சக்கரச் சப்பாத்திலேயே கடந்து போய்ச் சேர்ந்தார். தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஓர் இரவைக் கறுப்பின இளைஞர்கள் வீணாக்கவில்லை. ஓர்கன் வாசிப்புக்கு வட்டமிட்டுச் சுற்றும் பழைய முறையை விட்டுவிட்டு, தங்கள் இசைத்தட்டுகளுக்கு ஏற்ப நகரத்துக்கொரு பாணியை உருவாக்கினார்கள். சிக்காகோவில் ஜேம்ஸ் பிரவுனின் பாடல்களை ஒட்டி வளர்ந்த பாணி அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. நியூயோர்க்கின் புரூக்ளினில் எம்பயர் அரங்கு இதன் தலைநகர் போல விளங்கியது.

டிஸ்கோவும் இப்படி ஒதுக்கப்பட்டவர்களின் இடத்தில்தான் பிறந்தது. 1970இல் டேவிட் மன்குசோ என்பவர் நியூயோர்க்கில் தம் வீட்டு மாடியில் நடத்திய இரவு நடனங்களை அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர், ஒருபால் ஈர்ப்புடையோர் என்று வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள் அங்கே கூடினார்கள். நான்கு அடித் தாளத்தில் நான்கு அடிக்கும் பெரிய டிரம் விழும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது அதே வேகத்தில் கலந்துவிடும். காலுக்கு ஓய்வு கிடையாது.

1977 இறுதியில் 'சட்டர்டே நைட் ஃபீவர்' வந்ததும் இந்த இசை உலகச் சரக்காயிற்று. ஜோன் ட்ரவோல்டா ஆடிய அந்த ஒளிரும் தரை புரூக்ளினில் உண்மையிலேயே இருந்த ஒரு நடனக் கூடத்தில் படத்துக்காகப் போடப்பட்டது. செலவு 15,000 டொலர். பணம் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்த தயாரிப்பாளர்கள் 1979இல் 'ஸ்கேட் டவுன்', 'ரோலர் பூகி' என்று வரிசையாகச் சக்கரப் படங்களை இறக்கினார்கள். முதலாவது, பின்னாளில் புகழ்பெற்ற பட்ரிக் ஸ்வேஸியின் முதற்படம். 1980இல் ஒலிவியா நியூட்டன் ஜோன் சக்கரச் சப்பாத்து அணிந்த தேவதையாக 'ஸனாடு'வில் வந்தார். பாடல்கள் நன்றாக ஓடின, படம் விழுந்தது. ஆண்டின் மட்டமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருது தொடங்குவதற்குத் தூண்டுதலான படங்களில் ஒன்று என்பதே அதன் நிலைத்த புகழ். அதற்குள் அமெரிக்காவில் காற்று மாறியிருந்தது. 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் பேஸ்போல் மைதானம் ஒன்றில், இரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியிலிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. வெறுப்புக்குக் காரணம் தாளம் மட்டுந்தானா, அந்தத் தாளத்துக்குச் சொந்தக்காரர்களும் காரணமா என்று அங்கே இன்னும் வாதிடுகிறார்கள்.

அங்கே எரிந்தது இங்கே கொழுந்துவிட்டது. இந்தியாவில் டிஸ்கோவுக்கு வழி திறந்தவர் பெங்களூரில் பிறந்து இலண்டனில் குடியேறிய இசைத் தயாரிப்பாளர் பிட்டு. 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரித்ததே. 1980இல் 'குர்பானி' இந்திப் படத்துக்காகப் பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசனை அவர் பாட வைத்தபோது துணைக்கண்டமே அந்தப் பாட்டின் வசமாயிற்று. 1982இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்து, பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்ஸர்' சோவியத் நாட்டிலும் திரையரங்குகளை நிரப்பியது. அதன் தமிழ் வடிவம் 1985இல் 'பாடும் வானம்பாடி' என்ற பெயரில் வந்தது. நாயகன் ஆனந்த்பாபு, நாகேஷின் மகன். 1983இல் டி. ராஜேந்தரின் 'தங்கைக்கோர் கீதம்' மூலம் அறிமுகமானவர். எலும்பே இல்லாதது போல் வளைந்து ஆடியவர்.

தமிழில் டிஸ்கோ அதற்கு முன்பே வந்துவிட்டது. 1979இல் கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமலும் ரஜினியும் இசைக்குழுக்காரர்களாகச் சிங்கப்பூர் போகிறார்கள். மேனாட்டு மோஸ்தரில் அத்தனை பாடல்களையும் போட்டவர் அப்போது ஐம்பதைத் தாண்டிய எம்.எஸ். விஸ்வநாதன். 1980இன் 'பில்லா'வுக்கும் அவரே. இளைஞர்களுக்கான இசையை இளைஞர்தான் போட வேண்டும் என்பதில்லை. 1982 ஓகஸ்டில் ஏ.வி.எம். வெளியிட்ட 'சகலகலா வல்லவன்' படத்துக்கு இளையராஜா அமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் தவறாமல் ஒலிக்கிறது. நடிகர் சி.எல். ஆனந்தனின் மகள் சாந்திக்கு 'டிஸ்கோ' என்பது பெயருக்கு முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது. நியூயோர்க்கில் ஒதுக்கப்பட்டோரின் கூடமாக இருந்தது, சென்னை ஸ்டூடியோக்களில் வில்லனின் கிளப்பாக மாறியது. கடத்தல்காரன் மது அருந்தும் இடம், நாயகன் மாறுவேடத்தில் நுழையும் இடம், கவர்ச்சி நடனம் நடக்கும் இடம். அடியில் பல்பு எரியும் தரையும் சுழலும் கண்ணாடி உருண்டையும் அப்படியே வந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் வரவில்லை.

இலங்கையின் மலைநாட்டுக்கு, குறிப்பாக ஊவாவின் தோட்டங்களுக்கு, இந்த அலை வந்த விதம் வேறு. 1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. தோட்டங்களில் அந்த ஆண்டுகள் பஞ்ச காலமாகவே நினைவுகூரப்படுகின்றன. 1972இல் உருவான அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு இந்தியப் படங்களின் இறக்குமதியும் போனது. சென்னையில் வெளியான படம் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழிந்தே கொழும்புக்கு வரும். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் ரயில் பாதையின் கடைசி நிலையமான பதுளைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு இறங்கிப் படம் பார்ப்பது சம்பள நாளை ஒட்டிய காரியம். கோயில் திருவிழாவுக்கு வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினால் அது பெரும் பேறு.

ஆனால் பாட்டு முந்திக்கொண்டது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைதான் காரணம். கே.எஸ். ராஜாவின் வேகக் குரலும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானக் குரலும் தமிழகத்துக் கிராமங்களிலேயே கூட்டம் சேர்த்த காலம் அது. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களில், மின்சாரம் எட்டாத காம்பராக்களில், டிரான்சிஸ்டர் ரேடியோதான் ஒரே வாசல். பற்றரி தேய்ந்து பாட்டு இழுக்கத் தொடங்கினால், அதைக் கழற்றி வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவார்கள். இன்னும் சில மணி நேரம் ஓடும். ஆகவே ஊவாவின் தோட்ட இளைஞர்கள் டிஸ்கோவை முதலில் கண்டவர்களல்லர், கேட்டவர்கள். விளக்கும் தரையும் உடையும் அவரவர் மனத்தில் போட்டுக்கொண்டவை. படம் வந்து சேர்ந்த பின் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

கேட்பதோடு நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. நாட்டுக்குள்ளேயே துள்ளிசை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. சிங்களத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரை முன்னால் கொண்டுவந்து நவீன மெல்லிசைக்கு வழிகாட்டிய கிளாரன்ஸ் விஜேவர்தன, 1943இல் ஊவாவின் ஹப்புத்தளையில் பிறந்தவர். 1960களின் நடுப்பகுதியில் அவர் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பிறகு நாடெங்கும் கிட்டார்க் குழுக்கள் முளைத்தன. தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் எழுபதுகளில் வானொலியை ஆட்சி செய்தன. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் வழியாகத் தமிழ்த் திரைக்கும் போயிற்று. இந்தப் பாடல்களின் தாளம் போர்த்துக்கேயர் காலத்து வேரிலிருந்து வந்த பைலாவின் ஆறு எண்ணிக்கை ஆட்டம். டிஸ்கோவின் நான்கு எண்ணிக்கையோடு சேராது. பைலாவுக்கு இடுப்பு அசையும், டிஸ்கோவுக்குக் குதிகால் இறங்கும். தப்பு முழக்கத்துக்கும் காமன் கூத்துக்கும் பழகிய காலுக்கு இரண்டுமே சிரமமில்லை.

அதே ஆண்டுகளில் இந்தியப் படங்களின் வரத்துக் குறைந்ததால் உள்ளூர்த் தமிழ் சினிமாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தோட்டத் தொழிலாளர் வாழ்வை மையமாக வைத்து 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். தொடர்ந்து 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' வந்தன. நகைச்சுவைக்கு 1976இல் 'கோமாளிகள்'. எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலித் தொடரைப் படமாக்கியது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நான்கு பாத்திரங்களின் நான்கு விதப் பேச்சுதான் அதன் சிரிப்பு. மலையகத் தமிழுக்கு அந்த நால்வரில் இடமில்லை. தோட்டங்களில் அந்த நாடகத்தை விழுந்து விழுந்து கேட்டவர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதா என்று எவரும் அப்போது விசாரிக்கவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் கசெற் ரெக்கோர்டர்கள் நகரக் கடைகளில் குவிந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. மின்சாரமில்லாத தோட்டங்களில் தொலைக்காட்சி கார் பற்றரியில் ஓடியது. அதைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்கு இறங்கி, சார்ஜ் ஏற்றி, மறுபடி மலையேற வேண்டும். பிறகு வீடியோ கசெற் ஓட்டும் 'டெக்' வந்தது. வாடகைக்கு எடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஜெனரேற்றர் வைத்து, விடிய விடிய மூன்று நான்கு படம். பல காலம் காதால் மட்டும் அறிந்திருந்த ஒளித் தரையை லயத்துப் பிள்ளைகள் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார்கள்.

சக்கரச் சப்பாத்து மட்டும் இந்த மலைகளுக்கு ஒத்துவரவில்லை. ஸ்கேட்டிங்குக்கு முதல் தேவை பரந்த சமதரை. இந்தியாவில் மசூரி போன்ற மலை வாசத்தலங்களில் வெள்ளையர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பலகைத் தரை அரங்குகள் கட்டினார்கள். தோட்டத்தில் சமதரை என்றால் காலையில் பேர் பதியும் பிரட்டுக்களம், கோயில் முற்றம், ஸ்டோர் என்று அழைக்கப்படும் தேயிலைத் தொழிற்சாலை. மற்றதெல்லாம் சரிவு. ஸ்டோரில் சக்கரம் பொழுதுபோக்குக்கானதல்ல. வாடிய கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர்கள் அங்கே ஓடும். அவற்றில் கை அகப்படாமல் காக்க ரோதமுனி என்றொரு காவல் தெய்வமே உண்டு. பையன்களுக்கு வாய்த்தது பழைய பேரிங்குகளைப் பூட்டிய பலகை வண்டி. ஒரு கயிறு, ஒரு சரிவு, பிரேக்குக்குச் செருப்புக் கால். ரிச்சர்ட்சனின் எஃகுக் குண்டுகள் அங்கேயும் தம் வேலையைச் செய்தன.

தமிழ் உலகில் ஸ்கேட்டிங் பின்னாளில் நடனமாக அல்ல, பந்தயமாக வளர்ந்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3,000 மீற்றர் அஞ்சல் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் சென்னை இளைஞர் ஆனந்தகுமார் வேல்குமார் இருந்தார். 2025 செப்டெம்பரில் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீற்றரில் தங்கம் வென்றார். இந்தியருக்கு அந்த விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

பழைய காலத்தைச் சிரிப்போடு மீட்டெடுக்கும் படங்கள் தமிழிலும் இப்போது எடுக்கப்படுகின்றன. ஆதிக் ரவிச்சந்திரனின் 'மார்க் ஆண்டனி' (2023) கடந்த காலத்துக்குப் பேசக்கூடிய ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு 1975க்கும் 1995க்கும் இடையே தாவுகிறது. விஷாலும் எஸ்.ஜே. சூர்யாவும் அக்கால உடையிலும் முடியிலும் அமர்க்களம் செய்கிறார்கள். சில்க் ஸ்மிதாவின் சாயலில் ஒருவரும் வந்து போகிறார். ஆனால் அதன் எழுபதுகள் பழைய படங்களிலிருந்து எடுத்த எழுபதுகள், வாழ்ந்தவர்களிடம் கேட்டு எடுத்தவையல்ல. 'ரோல் பௌன்ஸ்' போல வேலையில்லாத் தகப்பன் ஒருவர் அதற்குள் நுழைய இடமில்லை.

ஊவாவின் எழுபதுகளையும் எண்பதுகளையும் அப்படி எடுக்க நினைப்பவருக்கு வேறொரு தடை இருக்கிறது: வாழ்ந்தவர்களும் சான்றுகளும் சிதறிப்போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகி, எழுபதுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார்கள். ஒரே லயத்தில் ஒரே ரேடியோவைக் கேட்டவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலில் பதுளை நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அதே நாட்களில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையாக, அங்கே சேமித்திருந்த படச்சுருள்கள் பல அழிந்தன. திரைப்பட இயக்குநர் கே. வெங்கட் அந்த வன்செயலில் கொல்லப்பட்டார். இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பழைய பத்திரிகை விளம்பரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் வானொலிக் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகளையுமே பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள். பொப் பாடல்களின் நிலை கொஞ்சம் மேல். இசைத்தட்டாகவும் கசெற்றாகவும் பலர் வீடுகளுக்குப் போய்விட்டதால் அவை தப்பின. புலம்பெயர்ந்தோர் அவற்றை இப்போது ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றி வருகிறார்கள்.